கலர் மருந்தில் கழுவிய இரண்டு ரோல்

ஜனவரி 4

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், என் முதுகுதான் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. மாப்பிள்ளை, உன் மாமியார் எல்லோரும் சுகம்தானே? பட்டாணி உட்கார ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். எனக்கு இன்னும் தொட்டிலில் கிடந்த பட்டாணிதான் மனதில்.

பார்சலில் இரண்டு ஃபிலிம் ரோல் இருக்கிறது. பயந்துவிடாதே, செலவு எங்கள் ஃபோட்டோ லேபினுடையது. சாதாரணக் கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கலர் மருந்தில் போட்டால் என்ன ஆகும்? படத்தில் இருக்கிற வெள்ளியெல்லாம் கரைந்து வெறும் பிளாஸ்டிக்தான் மிஞ்சும். இப்போது வந்திருப்பது வேறு. இந்தக் கறுப்பு வெள்ளையைக் கலர் மருந்தில் கழுவுவதற்கென்றே செய்திருக்கிறார்கள். வெள்ளி போனாலும் அந்த இடத்தில் சாயம் நிற்கும். அதனால் எந்தத் தெருமுனைக் கலர் கடையிலும் கொடுக்கலாம். இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்து மாதிரி கொடுத்துப் போனார்கள், ஒன்று நீல டப்பா, இன்னொன்று சிவப்பு டப்பா. எதை வாங்கி அடுக்குவது என்று முதலாளிக்குக் குழப்பம். "நீயே ஒப்பிட்டுச் சொல்லும்மா, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்கிறார். அவருக்கு மனைவியும் மச்சினியும்கூட ஒன்றாகத்தான் தெரியும், அது தனிக் கதை.

நீ செய்ய வேண்டியது இதுதான். ஒரே நாற்காலி, ஒரே இடம், ஒரே தூரம், ஃபிளாஷ் போட்டு எடு. முதலில் நீலம், அது முடிந்ததும் சிவப்பு. நீலத்தை எனக்கு அனுப்பு, நானே கழுவிக் கையால் பிரிண்ட் போடுகிறேன். சிவப்பை உங்கள் தெருமுனை ஸ்டுடியோவில் கொடு. சாதாரணக் கடை மெஷினில் எப்படி வருகிறது என்றும் தெரிய வேண்டும். எடுக்க முகம் வேண்டும் அல்லவா? பட்டாணியை எடு. எனக்கும் உன் மகளைப் பார்த்த மாதிரி இருக்கும்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முதுகோடு நீ முதலில் சமாதானமாகப் போ. நின்றுகொண்டே வேலை செய்யாதே, ஒரு ஸ்டூல் போட்டுக்கொள். இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். பட்டாணிக்குச் சளி இருந்தது, போய்விட்டது, ஆனால் போய்விட்டதா என்று எனக்குச் சந்தேகம்.

நீல ரோலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சிவப்பை ஸ்டுடியோவில் கொடுத்தாயிற்று. அவர் டப்பாவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "கறுப்பு வெள்ளைன்னு போட்டிருக்கு, கலர் மருந்துன்னும் போட்டிருக்கு. ஏம்மா, கெட்டுப்போனா என்னைத் திட்டக்கூடாது" என்று எழுதி வாங்காத குறை.

படம் எடுத்தது பெரிய கூத்து. சாப்பாட்டு மேஜை நாற்காலியில் தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைத்தேன். அத்தை பின்னால் குனிந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். "சின்னக் குழந்தைக்கு இவ்வளவு ஃபிளாஷ் அடிக்கிறியே, கண்ணு என்னத்துக்கு ஆகும்?" என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தடவை. எனக்கும் பயம்தான். நீ எழுதினாய் என்பதால் எடுத்தேன். ஃபிளாஷ் கண்ணைக் கெடுக்காது அல்லவா? உறுதியாகத் தெரியுமா?

நீ சிரிப்பாய். எனக்கு எதற்கும் பயம்தான். அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கின் அடியில் விரல் வைத்துப் பார்க்கிறேன். "ஒரு நாளைக்கு என் மூக்குலயும் வச்சுப் பாரேன்" என்கிறார் இவர். பட்டம் வாங்கியவள் இப்படிப் பயப்படலாமா என்று அத்தை கேட்கிறார். பட்டத்துக்கும் பயத்துக்கும் என்ன சம்பந்தமோ.

சாப்பிட மறக்காதே. பதில் போடு.

தங்கை

*

பிப்ரவரி 12

அன்புத் தங்கைக்கு,

ஸ்டூல் வாங்கிவிட்டேன். முதலாளி அதில் உட்கார்ந்துகொண்டார். மற்றபடி எனக்குக் குறையில்லை, உங்களுக்கும் அப்படியே இருக்கட்டும். ஃபிளாஷ் கண்ணைக் கெடுக்காது. நாங்கள் ஆயிரம் குழந்தைகளுக்கு அடித்திருக்கிறோம்.

நீலம் பிரமாதம்! கன்னத்தில் ஒரு மணல் துகள்கூடத் தெரியவில்லை, வழவழவென்று பால் மாதிரி விழுந்திருக்கிறது. கொஞ்சம் வெளிச்சம் கூடிப்போன படங்கள்தான் இன்னும் நன்றாக வந்திருக்கின்றன. வெள்ளிப் படத்தில் நேர்மாறாக இருக்கும், வெளிச்சம் கூடினால் பொரிபொரியாக வரும். இது சாயம் என்பதால் நிரவிக்கொள்கிறது. நெகட்டிவின் அடித்தளமும் தெளிவாக இருப்பதால் சாதாரணக் கறுப்பு வெள்ளைத் தாளில் சுலபமாகப் பிரிண்ட் விழுகிறது. எல்லாவற்றையும் பெரிதாகப் போட்டு, எப்போதும்போல டச்சிங் செய்து அனுப்பியிருக்கிறேன். ஒரு படத்திலும் ஒரு வெள்ளைப் புள்ளி கண்டுபிடித்துவிடு பார்ப்போம்!

அவளுக்கு நம் அப்பாவின் நெற்றி. பாவம்.

சிவப்பு ரோல் பிரிண்ட் வந்ததும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுது. மாப்பிள்ளைக்கும் உன் அத்தைக்கும் என் வணக்கம்.

அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

சிவப்பு ரோல் வந்துவிட்டது. முதலில் நீ கேட்டதைச் சொல்கிறேன். நெகட்டிவ் கலர் நெகட்டிவ் மாதிரியே ஆரஞ்சாக இருக்கிறது. கலர் தாளில் மெஷின் போட்ட பிரிண்ட் கறுப்பு வெள்ளை இல்லை, லேசான பழுப்பு. சிலதில் பச்சை. "மெஷின் அப்படித்தாம்மா, அதுக்குக் கலர் போடத்தான் தெரியும்" என்றார் ஸ்டுடியோக்காரர். முகம் நீலத்தைவிடக் கொஞ்சம் கடுமையாக விழுந்திருக்கிறது. தலையணை உறையின் தையல்கூடத் தெரிகிறது.

இனி நான் கேட்க வேண்டியது. இந்தப் படங்களில் பட்டாணியின் இடது கண் பாப்பா வெளுப்பாக இருக்கிறது. வலது கண் கறுப்பாகச் சரியாக இருக்கிறது. அவள் நேராகப் பார்க்கிற எல்லாப் படத்திலும் இடது கண் மட்டும், உள்ளே சின்ன விளக்கு வைத்த மாதிரி. கேமராவைப் பார்க்காத படங்களில் இல்லை.

இவரிடம் காட்டினேன். "ஃபிளாஷ் பட்டிருக்கும்" என்றார். அத்தை, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். நான் கண் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன், அடுத்த மாதம் இரண்டாம் வாரம். இவருக்கு அதில் கொஞ்சம் எரிச்சல். போன மாதம் காது டாக்டர், அதற்கு முந்தைய மாதம் தோல் டாக்டர், எல்லோரும் ஒன்றுமில்லை என்றுதானே அனுப்பினார்கள் என்கிறார். அது உண்மைதான்.

நீ படத்தோடேயே வாழ்கிறவள். இது என்ன என்று எனக்குச் சொல்.

தங்கை

*

பிப்ரவரி 28

அன்புத் தங்கைக்கு,

சளி பிடித்திருக்கிறது, மற்றபடி சுகம். நீ சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்க நினைத்தேன், உன் கடிதத்தைப் படித்ததும் பதில் தெரிந்துவிட்டது.

ஏண்டி, உனக்குப் பயப்பட வேறு எதுவும் கிடைக்கவில்லையா? ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணுக்குள் போய்த் திரும்பும்போது கலர் ஃபிலிமில் கண் சிவப்பாக விழும், கல்யாண ஆல்பத்தில் பாதிப் பேர் பேய் மாதிரி இருப்பார்களே, அது. கறுப்பு வெள்ளையில் சிவப்பு ஏது? வெளுப்பாகத்தான் விழும். ஒரு கண்ணில் மட்டும் ஏன் என்றால், குழந்தை இரண்டு கண்ணையும் ஒரே நேராகவா வைத்துக்கொள்கிறது? அதுவும் அந்தச் சிவப்பு டப்பா ஃபிலிம் சிவப்பை அதிகமாக வெளுப்பாக்கும் என்று கம்பெனிக்காரரே சொன்னார். கடுமையான ஃபிலிம். இல்லாததைக்கூட எடுத்துக் காட்டும்.

சந்தேகமாக இருந்தால் நான் அனுப்பிய நீலத்தைப் பக்கத்தில் வை. அதே நாற்காலி, அதே ஃபிளாஷ், அதே பட்டாணி. கண்ணைப் பார். இதற்குத்தானே ஒப்பிடுவது?

சிவப்பு நெகட்டிவையும் எனக்கு அனுப்பிவிடு. முதலாளிக்கு இரண்டையும் வைத்துக் காட்ட வேண்டும். எல்லோருக்கும் என் அன்பு.

அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சளி போயிற்றா? ஆவி பிடி. இங்கே இரண்டு வாரத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

நீ சொன்னபடியே செய்தேன். மேஜையை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மேலே நீல வரிசை, கீழே சிவப்பு வரிசை என்று அடுக்கினேன். நீலத்தில் அவள் நேராகப் பார்க்கிற ஒவ்வொரு படத்திலும் இரண்டு கண்ணும் கறுப்பு, நல்ல கறுப்பு. சிவப்பில்தான் வெளுப்பு. இவரையும் அத்தையையும் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆக, ஃபிலிம்தான் கோளாறு, பிள்ளை இல்லை" என்றார் இவர். அத்தை இவரைப் பார்த்து, "உனக்குன்னு இப்படி ஒருத்தி" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

டாக்டரிடம் வாங்கிய நேரத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இவர் ஆபீஸ் போனிலிருந்து சொன்னார். நேரம் வாங்கிவிட்டுக் கடைசியில் ரத்து செய்கிறோம் என்று அங்கே இருந்த பெண்ணுக்குக் கோபமாம்.

நெகட்டிவ் இத்துடன் இருக்கிறது. முதலாளியிடம் நீலத்தையே வாங்கச் சொல். சிவப்பை வாங்கினால் ஊரில் இருக்கிற அம்மாக்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில் நிற்பார்கள்.

நீ இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேனோ.

தங்கை

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. முதுகா, சளியா, முதலாளியா? எதுவானாலும் ஒரு வரி எழுது.

பட்டாணி தவழ்கிறாள். கதவு நிலையில் போய் முட்டிக்கொள்கிறாள். எல்லாக் குழந்தையும் முட்டும் என்கிறார் அத்தை. இடது கண் சில நேரம் மூக்குப் பக்கம் ஒதுங்குகிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. இவரிடம் சொன்னேன். "மறுபடியும் கண்ணா? அதான் பக்கத்துல பக்கத்துல வச்சு நீயே நிரூபிச்சிட்டியே" என்றார். நிரூபித்தேன்தான். அதனால் பேசாமல் இருக்கிறேன்.

பதில் போடு.

தங்கை

*

தந்தி
ஏப்ரல் 11

படத்தை நம்பாதே. இன்றே கண் டாக்டரிடம் போ. கடிதம் வருகிறது. அக்கா.

*

ஏப்ரல் 11

தங்கைக்கு,

இது கைக்கு வருவதற்குள் நீ டாக்டரிடம் போயிருப்பாய். போகவில்லை என்றால் இதைப் பாதியில் மடித்து வைத்துவிட்டுப் போ. மாப்பிள்ளை ஏதாவது சொன்னால் அக்கா சொன்னாள் என்று சொல்.

நீல ரோல் பிரிண்டுகளில் கண் கறுப்பாக இருப்பது நான் வைத்த மை.

விளக்கமாகச் சொல்கிறேன். நெகட்டிவில் தூசி ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் போகாது, பிரிண்டில் வெள்ளைப் புள்ளி விழும். அதை மெல்லிய தூரிகையால் மை தொட்டு அடைப்பதுதான் டச்சிங். காலையிலிருந்து மாலைவரை எனக்கு அதுதான் வேலை. வெள்ளைப் புள்ளி எங்கே என்று கை தேடிப் போகும், அடைக்கும், அடுத்ததுக்குப் போகும். மூக்கில் இருக்கிறதா கண்ணில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. உன் படங்களையும் அப்படித்தான் செய்தேன். கண் பாப்பாவில் வெள்ளை இருந்தது, அடைத்தேன். அடுத்த படத்திலும் அடைத்தேன். தூசி எல்லாப் படத்திலும் ஒரே கண்ணில் வந்து உட்காராது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பிரிண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார், இடது கண்ணில் மட்டும் பளபளப்பு இருக்காது.

உன் மார்ச் கடிதம் படித்த அன்றே ஏதோ உறுத்தியது. இன்று முதலாளி கேட்டார் என்று இரண்டு நெகட்டிவையும் விளக்கு மேஜையில் வைத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீலத்தில் இடது கண்ணில் ஒரு கறுப்புப் பொட்டு. துடைத்தேன். போகவில்லை. அடுத்த படம், துடைத்தேன், போகவில்லை. சிவப்பிலும் அதே இடத்தில் அதே பொட்டு. இரண்டு ஃபிலிமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கின்றன. நான் ஒன்றை மூடிவிட்டேன்.

கலர் ஃபிலிம், சிவப்பு, வெளுப்பு என்று உனக்கு எழுதியதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், பொய் இல்லை. ஆனால் எனக்குக் கண்ணைப் பற்றித் தெரியாது, ஃபிலிமைப் பற்றித்தான் தெரியும்.

டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அக்கா

*

மே 6

அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? எழுதத் தாமதமாகிவிட்டது, கையில் பேனா பிடிக்க நேரமில்லை.

தந்தி வந்த அன்றே போனோம். இவர் ஆபீசிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். சொட்டு மருந்து விட்டு, இருட்டு அறையில் வைத்துப் பார்த்தார்கள். கண்ணுக்குள் கட்டி. குழந்தைகளுக்கு வருகிற கட்டியாம். அந்தக் கண்ணில் பார்வை ஏற்கெனவே இல்லை, அதனால்தான் ஒதுங்கியிருக்கிறது. கட்டி கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு வழியாகப் போய்விட்டால் உயிருக்கு ஆபத்து, அதற்குள் கண்ணை எடுத்துவிட வேண்டும் என்றார் பெரிய டாக்டர். நான் சிவப்பு ரோல் படங்களைக் கொண்டுபோயிருந்தேன். அவர் ஒரு படத்தை எடுத்து, கூட இருந்த சின்ன டாக்டர்களுக்குக் காட்டினார். "பாருங்க, இதுதான்" என்றார்.

போன மாதக் கடைசியில் கண்ணை எடுத்தாயிற்று. நரம்பின் நுனியை வெட்டிப் பரிசோதித்தார்கள். அது சுத்தமாக இருக்கிறது என்று நேற்றுச் சொன்னார்கள். வலது கண்ணில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அடிக்கடி மயக்கம் கொடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், சில வருடங்களுக்கு.

பட்டாணி மயக்கம் தெளிந்ததும் பசிக்கு அழுதாள். வலிக்கு அழுத மாதிரி இல்லை. அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. இவர் நான் கேட்பதற்கு முன்பே தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார். பட்டாணி தூங்கும்போது இவரும் இப்போது அவள் மூக்கின் அடியில் விரல் வைத்துப் பார்க்கிறார்.

தங்கை

*

மே 15

அன்புத் தங்கைக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். என்னைப் பற்றிக் கேட்காதே.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நரம்பு சுத்தம் என்கிற இடத்தை மட்டும் முதலாளியிடம் வாசித்துக் காட்டினேன். மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஃபிலிம் விஷயம் அதற்கப்புறம் பேசவில்லை. கம்பெனிக்காரர் வந்து கேட்டார். இரண்டும் நல்ல ஃபிலிம்தான், எங்களுக்கு இப்போது வேண்டாம் என்று நானே சொல்லி அனுப்பிவிட்டேன்.

டச்சிங் இன்னும் நான்தான் செய்கிறேன். செய்யாமல் இருக்க முடியாது, அது என் சம்பளம். முகத்துக்கு வரும்போது மட்டும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு நெகட்டிவை எடுத்து ஒரு தடவை பார்க்கிறேன். வேலை தாமதமாகிறது. திட்டு விழுகிறது. விழட்டும்.

ஒன்று கேட்க வேண்டும். நீ முதலில் வாங்கிய நேரத்துக்கே, மார்ச் இரண்டாம் வாரத்திலேயே போயிருந்தால் அந்தக் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாமா? டாக்டர் என்ன சொன்னார்? உன் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, அது இல்லை. என்ன சொல்லியிருந்தாலும் எழுது. எனக்குத் தெரிய வேண்டும்.

குழந்தைக்கு என் முத்தம். நான் கொடுக்கலாம் என்றால்.

அக்கா

*

ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னைப் பற்றிக் கேட்காதே என்றாய். கேட்கிறேன். முதுகு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா?

பட்டாணிக்குச் செயற்கைக் கண் வைத்தாயிற்று. வலது கண்ணைப் பார்த்து அளவெடுத்து, அதே பழுப்பில் வரைந்து செய்து கொடுத்தார்கள். தெரியாதவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. டாக்டரிடம் நான் கேட்கவில்லை. நான் கேட்காத கேள்வி உண்டா? இருமலுக்கும் கேட்பேன், தும்மலுக்கும் கேட்பேன், மருந்துச் சீட்டில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் கேட்பேன். அவர் அறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி வாய்வரை வருகிறது. இதை மட்டும் கேட்கவில்லை. நேரத்தை ரத்து செய்தது நான். என் வாயால் சொல்லித்தான் இவர் போன் செய்தார். பதில் என்னவாக இருந்தாலும் அது உனக்கு மட்டும் வராது, எனக்கும் வரும்.

என் மார்ச் கடிதத்துக்கும் உன் தந்திக்கும் நடுவில் ஒரு மாதம் இருக்கிறது. உறுத்தியது என்று எழுதினாய், அதற்குப் பிறகு அந்த மாதத்தைப் பற்றி எழுதவில்லை. அதையும் நான் கேட்கப் போவதில்லை. எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். இருக்கிறது. சில நாள் உன்மேல், சில நாள் என்மேல். சில நாள் அந்த நாற்காலியைப் பார்த்தாலே வருகிறது, அதைத் தூக்கிப் பரணில் போடச் சொல்லிவிட்டேன்.

இப்போது எனக்கு வேண்டியது வேறு. அந்தக் கண்ணை அவ்வப்போது வெளியே எடுத்துக் கழுவித் திரும்பப் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் காட்டிக் கொடுத்தார்கள். இமையைத் தூக்கிப் பிடித்து, மேலே செருகி, கீழே விட வேண்டும். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அவளைப் பிடிக்க, ஒருவர் போட. அத்தைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. இவர் பிடித்துக்கொள்வார், அந்த இடம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அவர் திரும்பினால் அவளும் திரும்பிவிடுகிறாள். என் விரலில் அது நழுவுகிறது. போன தடவை தரையில் விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. நான் தரையில் படுத்துத் தேடினேன், அவள் என் முதுகில் ஏறிக்கொண்டு சிரித்தாள்.

நீ லீவு போட்டுவிட்டு வா. திட்டு விழுந்தால் விழட்டும். எனக்குக் கை பழகும்வரை இரு. கோபம் நீ வந்தாலும் போகாது, அது ஒரு பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். எந்த வண்டி என்று எழுது, இவர் ஸ்டேஷனுக்கு வருவார்.

உள்ளே வந்ததும் அவளை இடது பக்கத்திலிருந்து தூக்காதே. அந்தப் பக்கம் ஆள் வருவது அவளுக்குத் தெரியாது, பயந்து கத்திவிடுவாள். வலது பக்கம் வந்து கொஞ்ச நேரம் நில். பார்ப்பாள்.

தங்கை